யூஆர்எல்லிப், யூஆர்எல்லிப்2, யூஆர்எல்லிப்3: பைத்தான் வெப் லைப்ரரிகளின் பெயர்க் குழப்பம்

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். கோட்ல வர்ற பெயர்களைப் பேசின மாதிரியே எழுதியிருக்கோம். 'டாட்' என்று வரும் இடத்தில் புள்ளி என்று எடுத்துக்கொள்ளவும்.)

பைத்தான்ல வெப் பக்கம் வேலை பார்க்கிற எல்லாரும் ஒரு நாள் இந்தக் கேள்வியில வந்து நிப்பாங்க. யூஆர்எல்லிப்னு ஒண்ணு இருக்கு. யூஆர்எல்லிப்2-ன்னு ஒண்ணு இருந்துச்சு. யூஆர்எல்லிப்3-ன்னு வேற ஒண்ணு இருக்கு. வரிசையா நம்பர் போட்டிருக்கிறதால மூணாவதுதான் லேட்டஸ்ட், பைத்தான் 3 கூட வர்றது அதுதான்னு தோணும். ரெண்டுமே இல்லை. யூஆர்எல்லிப்3 பைத்தான் கூடவே வர்றது கிடையாது, தனியா இன்ஸ்டால் பண்ணணும். பைத்தான் 3 கூட வர்றது வெறும் யூஆர்எல்லிப்தான்.

இதைக் கேட்டுட்டு "சரி, பெயர்தானே"ன்னு தள்ளிவிட முடியும். ஆனா ஒரு எழுத்து மாறினதால தப்பான ஆளோட கோட் உங்க மெஷின்ல ஓடின கதையும் இதே பெயர்கள்ல இருக்கு. அதனால இன்னைக்கு நேம்ஸ்பேஸ், தமிழ்ல பெயர்வெளின்னு சொல்றோமே, அது பைத்தான் வெப் லைப்ரரிகள்ல எப்படி வளர்ந்தது, எங்கே சொதப்பினது, நாம ஒரு லைப்ரரி எழுதும்போது அதிலிருந்து என்ன எடுத்துக்கலாம்னு பார்க்கலாம்.

இனிஷியல் மாதிரி

நேம்ஸ்பேஸ்னா என்னன்னு நமக்கு யாரும் புதுசா சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே கிளாஸ்ல நாலு கார்த்திக் இருந்தா அட்டெண்டன்ஸ்ல ஆர். கார்த்திக், எஸ். கார்த்திக்னு இனிஷியலோட கூப்பிடுவாங்க. வீட்டுக்குள்ள அந்த இனிஷியலை யாரும் சொல்றதில்லை, தேவையும் இல்லை. வெளியே போனாதான் வேணும். பைத்தான்ல மாட்யூல் பெயருக்கு முன்னாடி வர்ற 'எச்டிடிபி டாட்' இந்த இனிஷியல் வேலையைத்தான் செய்யுது. 'கிளையன்ட்' என்கிற பெயர் ஆயிரம் இடத்தில் இருக்கலாம். 'எச்டிடிபி டாட் கிளையன்ட்' ஒண்ணுதான்.

பைத்தானோட கொள்கைகளைத் தொகுத்துச் சொல்ற பெப் 20-ல டிம் பீட்டர்ஸ் ரெண்டு விஷயம் சொல்லியிருக்கார். அடுக்கடுக்கா உள்ளே போறதைவிடத் தட்டையா இருக்கிறது நல்லதுன்னு ஒரு இடத்தில். நேம்ஸ்பேஸ் ரொம்ப நல்ல யோசனை, அதை இன்னும் நிறைய பண்ணுவோம்னு கடைசியில. இந்த ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இழுக்குது. இன்னைக்குப் பேசப்போற எல்லாமே இந்த இழுபறிதான்.

பைத்தான் 2-ல இருந்த காடு

பைத்தான் 2 காலத்தில் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில வெப் சம்பந்தமான மாட்யூல்கள் எல்லாம் மேல் மட்டத்திலேயே, தனித்தனியா கிடந்துச்சு. யூஆர்எல் திறக்க யூஆர்எல்லிப், யூஆர்எல்லிப்2. யூஆர்எல்லைப் பிரிக்க யூஆர்எல்பார்ஸ். ரோபாட்ஸ் ஃபைலைப் படிக்க ரோபாட்பார்சர். கீழ்மட்ட எச்டிடிபி கிளையன்டுக்கு எச்டிடிபிலிப். சர்வர் பக்கம் போனா பேஸ்எச்டிடிபிசர்வர், சிம்பிள்எச்டிடிபிசர்வர், சிஜிஐஎச்டிடிபிசர்வர்னு மூணு. குக்கிக்கு 'குக்கி'ன்னு ஒண்ணு, 'குக்கிலிப்'னு ஒண்ணு.

ஒரு சின்ன வேலையை எடுத்துக்குவோம்: ஒரு ஃபார்ம் டேட்டாவை, நாமளே வெச்ச ஹெடரோட போஸ்ட் பண்ணணும். ஹெடர் வைக்கிறதுக்கு ரிக்வெஸ்ட் ஆப்ஜெக்ட் வேணும், அது யூஆர்எல்லிப்2-ல இருக்கு. டேட்டாவை என்கோட் பண்ண யூஆர்எல்என்கோட் ஃபங்ஷன் வேணும், அது யூஆர்எல்லிப்2-ல இல்லை, பழைய யூஆர்எல்லிப்ல இருக்கு. அப்போ ரெண்டையும் இம்போர்ட் பண்ணணும். புதுசா கத்துக்கிறவங்க என்ன நினைப்பாங்க? 2-ன்னு போட்டிருக்கு, அப்போ 1-ல இருக்கிற எல்லாம் இதுலயும் இருக்கும்னுதானே? இல்லை. அந்த நம்பர் 'அடுத்த பதிப்பு'ன்னு சொல்லுது, உள்ளே இருக்கிற கோட் 'பக்கத்து வீடு'ன்னு சொல்லுது.

குக்கி கதையும் அதேதான். 'குக்கி' மாட்யூல் ஹெடர்ல குக்கியை எழுதவும் படிக்கவும் உதவுது, பெரும்பாலும் சர்வர் பக்கம். 'குக்கிலிப்' கிளையன்ட் பக்கம் குக்கியைச் சேமிச்சு வெச்சு அடுத்த ரிக்வெஸ்ட்ல திருப்பி அனுப்புது. பெயரை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

2008-ல நடந்த பெரிய அடுக்கல்

பைத்தான் 3.0 வந்தது 2008 டிசம்பர் 3. அதுக்கான ஸ்டாண்டர்ட் லைப்ரரி மறுசீரமைப்பை பிரெட் கேனன் எழுதின பெப் 3108 விவரிக்குது. வெப் பக்கம் அதுல நடந்தது ரொம்ப நேரடியான விஷயம்: ஒரே ப்ரோட்டோகால் சம்பந்தப்பட்டதை ஒரே கூரைக்குள்ள கொண்டுவந்தாங்க.

எச்டிடிபிலிப், 'எச்டிடிபி டாட் கிளையன்ட்' ஆச்சு. மூணு சர்வர் மாட்யூலும் சேர்ந்து 'எச்டிடிபி டாட் சர்வர்'. குக்கி, 'எச்டிடிபி டாட் குக்கீஸ்'. குக்கிலிப், 'எச்டிடிபி டாட் குக்கிஜார்'. இந்தக் கடைசிப் பெயரைக் கவனிங்க. ஜார்னா ஜாடி. குக்கியைப் போட்டு வைக்கிற இடம்னு பெயரே சொல்லிடுது. பழைய குழப்பம் ஒரு வார்த்தையில தீர்ந்துபோச்சு.

யூஆர்எல் பக்கம், யூஆர்எல்லிப் ஒரு பேக்கேஜ் ஆச்சு. திறக்கிறது எல்லாம் 'யூஆர்எல்லிப் டாட் ரிக்வெஸ்ட்'. பிரிக்கிறது, சேர்க்கிறது, என்கோட் பண்றது எல்லாம் 'யூஆர்எல்லிப் டாட் பார்ஸ்'. எரர் கிளாஸ்கள் 'யூஆர்எல்லிப் டாட் எரர்'. ரோபாட்பார்சரும் உள்ளே வந்துடுச்சு. இங்கே பிரிச்ச முறை முக்கியம். நெட்வொர்க்கைத் தொடுற வேலை ஒரு பக்கம், வெறும் ஸ்ட்ரிங்கை வெட்டி ஒட்டுற வேலை இன்னொரு பக்கம். 'பார்ஸ்' மட்டும் வேணும்னா நெட்வொர்க் கோட் எதையும் இழுத்துட்டு வர வேண்டியதில்லை.

இவ்வளவும் நல்லதுதான். ஆனா விலை? பழைய பெயரை எழுதின ஒவ்வொரு ப்ரோக்ராமும் உடைஞ்சது. ரெண்டு வெர்ஷன்லயும் ஓட வேண்டிய லைப்ரரிகள் எல்லாம் "முதல்ல புதுப் பெயரை முயற்சி பண்ணு, எரர் வந்தா பழைய பெயரை எடு"ன்னு நாலு வரி எழுதினாங்க. பெயர்களை மாத்திக்கொடுக்க டூ-டு-த்ரீன்னு ஒரு டூல் வந்தது. ரெண்டு உலகத்துக்கும் நடுவுல நிக்க சிக்ஸ்னு ஒரு லைப்ரரி வந்தது, அதுல 'சிக்ஸ் டாட் மூவ்ஸ் டாட் யூஆர்எல்லிப்'னு ஒரு பாலம். பைத்தான் 2-க்கான ஆதரவு முடிஞ்சது 2020 ஜனவரி 1-ல. அதாவது 11 வருஷத்துக்கு மேல ஒரே மாட்யூலுக்கு ரெண்டு பெயர் ஓடிட்டு இருந்துச்சு. பெயரை வைக்கிறவங்களுக்கு அது அஞ்சு நிமிஷ வேலை. மாத்தும்போது அதைச் சுமக்கிறது இம்போர்ட் பண்ணின அத்தனை பேரும்.

இன்னொரு சின்ன பொறியும் இருக்கு. பைத்தான் 3-ல 'இம்போர்ட் யூஆர்எல்லிப்'னு மட்டும் எழுதிட்டு, அடுத்த வரியில 'யூஆர்எல்லிப் டாட் ரிக்வெஸ்ட் டாட் யூஆர்எல்ஓப்பன்'னு கூப்பிட்டா, ரிக்வெஸ்ட்னு ஒரு ஆட்ரிபியூட் இல்லைன்னு எரர் வரும். ஏன்னா பேக்கேஜை இம்போர்ட் பண்ணினா அதுக்குள்ள இருக்கிற மாட்யூல்கள் தானா லோட் ஆகாது. ஒவ்வொண்ணையும் பெயர் சொல்லிக் கூப்பிடணும். இதுல மோசமானது என்னன்னா, சில சமயம் அது வேலையும் செய்யும். நீங்க இம்போர்ட் பண்ணின வேற ஏதோ ஒரு லைப்ரரி 'யூஆர்எல்லிப் டாட் ரிக்வெஸ்ட்'டை ஏற்கெனவே லோட் பண்ணியிருந்தா உங்க கோட் ஓடிடும். அந்த லைப்ரரி ஒரு நாள் அப்டேட் ஆகி அந்த இம்போர்ட்டை எடுத்துட்டா, உங்க ஃபைல்ல ஒரு எழுத்துகூட மாறாம உங்க ப்ரோக்ராம் விழும்.

ஒரே கோட், ரெண்டு பெயர், ரெண்டு ஆள்

இப்போ யூஆர்எல்லிப்3. இது ஆண்ட்ரே பெட்ரோவ் 2008-ல ஆரம்பிச்ச தனி லைப்ரரி. கனெக்ஷனைத் திரும்பத் திரும்ப உபயோகிக்கிற பூலிங் மாதிரி ஸ்டாண்டர்ட் லைப்ரரியில இல்லாத வசதிகளைக் கொடுத்தது. 2011-ல கென்னத் ரைட்ஸ் எழுதின ரிக்வெஸ்ட்ஸ் இதுக்கு மேலதான் நிக்குது.

ரிக்வெஸ்ட்ஸ் ரொம்ப நாள் யூஆர்எல்லிப்3-ஓட முழு காப்பியைத் தனக்குள்ளயே வெச்சிருந்தது, 'ரிக்வெஸ்ட்ஸ் டாட் பேக்கேஜஸ் டாட் யூஆர்எல்லிப்3'ன்னு. இதுக்கு வெண்டரிங்னு பெயர். வெர்ஷன் சண்டை வராதுன்னு ஒரு லாபம். நஷ்டம் எங்கேன்னா, பைத்தானைப் பொறுத்தவரை மாட்யூலோட முழுப் பெயர்தான் அதோட அடையாளம். ஒரே கோடா இருந்தாலும் ரெண்டு பெயர்ல லோட் ஆனா ரெண்டு மாட்யூல், உள்ளே இருக்கிற கிளாஸும் ரெண்டு ரெண்டு. நீங்க தனியா இன்ஸ்டால் பண்ணின யூஆர்எல்லிப்3-ஓட டைம்அவுட் எரரைப் பிடிக்கக் கோட் எழுதியிருப்பீங்க. உள்ளேயிருந்து வர்றது காப்பியோட டைம்அவுட் எரர். ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி, ஆனா பைத்தானுக்கு வேற வேற. உங்க எக்ஸெப்ட் வரி அதைப் பிடிக்காம விட்டுடும்.

2017-ல வந்த 2.16 வெர்ஷன்ல ரிக்வெஸ்ட்ஸ் இந்த வெண்டரிங்கை நிறுத்தினது. ஆனா 'ரிக்வெஸ்ட்ஸ் டாட் பேக்கேஜஸ்' பெயர் போகலை. அந்த முகவரியை எழுதின கோட் ஏராளமா இருந்ததால, அதே பெயர் இப்போ நிஜமான யூஆர்எல்லிப்3-ஐக் காட்டுற மாதிரி மாத்தி வெச்சிருக்காங்க. பிப் இன்னைக்கும் வெண்டரிங் பண்ணுது, ஆனா ஃபோல்டரோட பெயரை அண்டர்ஸ்கோர்ல ஆரம்பிச்சு 'அண்டர்ஸ்கோர் வெண்டர்'னு வெச்சிருக்கு. இது எங்க வீட்டு விஷயம், வெளியே இருந்து தொடாதீங்கன்னு அர்த்தம்.

ஃபிளாஸ்க் மூணு தடவை பெயர் மாத்தின கதை

நேம்ஸ்பேஸை எவ்வளவு ஆழமா வைக்கணும்னு யோசிக்கிறவங்களுக்கு ஃபிளாஸ்க் ஒரு நல்ல பாடம். ஃபிளாஸ்குக்கு வேற வேற ஆட்கள் எக்ஸ்டென்ஷன் எழுதுவாங்க. டேட்டாபேஸுக்கு ஒண்ணு, லாகினுக்கு ஒண்ணு. இவங்களுக்கெல்லாம் எங்கே இடம் கொடுக்கிறது?

முதல் ஏற்பாடு: 'ஃபிளாஸ்க்எக்ஸ்ட்'னு ஒரு பொது நேம்ஸ்பேஸ் பேக்கேஜ். எல்லாரும் அதுக்குள்ள வந்து குடியிருக்கலாம். ஆனா அப்போ பைத்தான்ல நேம்ஸ்பேஸ் பேக்கேஜுக்கு மொழியிலேயே ஆதரவு இல்லை. ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் அந்தப் பொது ஃபோல்டர்ல ஒரு 'இனிட்' ஃபைல் வெச்சு, இது பொது இடம்னு அறிவிக்கணும். யாராவது ஒருத்தர் அதைத் தப்பா வெச்சா மத்தவங்க கோட் கண்ணுக்கே தெரியாம போயிடும்.

ரெண்டாவது ஏற்பாடு, 2011-ல ஃபிளாஸ்க் 0.8-ல: 'ஃபிளாஸ்க் டாட் எக்ஸ்ட்'. எக்ஸ்டென்ஷன் எழுதுறவங்க 'ஃபிளாஸ்க் அண்டர்ஸ்கோர் எஸ்க்யூஎல்ஆல்கெமி'ன்னு தட்டையா ஒரு பெயர் வெச்சுக்கலாம். உபயோகிக்கிறவங்க 'ஃபிளாஸ்க் டாட் எக்ஸ்ட் டாட் எஸ்க்யூஎல்ஆல்கெமி'ன்னு எழுதினா, ஃபிளாஸ்க் நடுவுல நின்னு திருப்பிவிடும். எழுதிப் பார்க்க அழகா இருந்துச்சு. ஆனா இம்போர்ட் பண்ற முறையிலேயே கை வைக்கிற மேஜிக் அது. ஃபைல் இருக்கிற இடம் ஒண்ணு, கோட்ல எழுதுற பெயர் இன்னொண்ணு.

மூணாவது: 2016-ல 0.11 வெர்ஷன்ல அதை வேணாம்னு அறிவிச்சாங்க, 2018-ல 1.0-ல எடுத்தே விட்டாங்க. இன்னைக்கு எல்லாரும் 'ஃபிளாஸ்க் அண்டர்ஸ்கோர்'னு ஆரம்பிக்கிற தட்டையான பெயரைத்தான் எழுதுறாங்க. புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் அண்டர்ஸ்கோர் வந்து உட்கார்ந்துருச்சு, அவ்வளவுதான். மேஜிக் இல்லை. பெயரைப் பார்த்தா ஃபோல்டர் தெரியுது.

இதுக்கிடையில 2012-ல பைத்தான் 3.3, பெப் 420 மூலமா நேம்ஸ்பேஸ் பேக்கேஜை மொழிக்குள்ளயே கொண்டுவந்தது. 'இனிட்' ஃபைல் இல்லாத ஃபோல்டர்கள் பல இடத்தில் இருந்தாலும் ஒரே பெயர்ல ஒண்ணா சேரும். கூகுள் கிளவுட், அஷ்யூர் லைப்ரரிகள் இப்படி ஒரே மேல் பெயரைப் பல தனித்தனி பேக்கேஜ்களுக்குப் பகிர்ந்து கொடுக்குது. அங்கே அது நியாயம், ஏன்னா அந்தப் பெயருக்கு ஒரே ஓனர். ஃபிளாஸ்க் எக்ஸ்டென்ஷன்களுக்குப் பல ஓனர்.

உங்க ஃபைலும் ஒரு பெயர்தான்

கத்துக்கிற காலத்தில் ரிக்வெஸ்ட்ஸைப் பரிசோதிக்க ஒரு ஃபைல் எழுதி அதுக்கு 'ரிக்வெஸ்ட்ஸ் டாட் பிஒய்'ன்னே பெயர் வைக்கிறது ரொம்ப சாதாரணம். ஸ்கிரிப்ட் இருக்கிற ஃபோல்டரைத்தான் பைத்தான் முதல்ல தேடும். அதனால உள்ளே 'இம்போர்ட் ரிக்வெஸ்ட்ஸ்'னு எழுதினா அந்த ஃபைல் தன்னையே இம்போர்ட் பண்ணிக்கும். 'கெட்'னு ஒரு ஃபங்ஷனே இல்லைன்னு எரர் வரும். 'எச்டிடிபி டாட் பிஒய்'ன்னு வெச்சா இன்னும் விசேஷம்: 'எச்டிடிபி டாட் கிளையன்ட்'டைத் தேடுற எல்லா லைப்ரரியும் விழும், எச்டிடிபி ஒரு பேக்கேஜே இல்லைன்னு மெசேஜ் வரும்.

2024-ல வந்த பைத்தான் 3.13, உங்க ஃபைல் பெயர் ஸ்டாண்டர்ட் லைப்ரரியோட மோதுது, மாத்திப் பாருங்கன்னு எரர் மெசேஜ்லயே சொல்லுது. 3.11-லயிருந்து பெரிய பி ஆப்ஷன் கொடுத்து ஓட்டினா அந்த ஃபோல்டரைத் தேடல் பட்டியல்ல சேர்க்காது.

ஒரு எல் குறைஞ்சா என்ன ஆகும்

இதுவரை பேசினது இம்போர்ட் பெயர். இன்ஸ்டால் பண்ற பெயர் வேற உலகம். 'பியூட்டிஃபுல்சூப்4'-ஐ இன்ஸ்டால் பண்ணி 'பிஎஸ்4'-ஐ இம்போர்ட் பண்றோம். 'ஜாங்கோரெஸ்ட்ஃபிரேம்வொர்க்'கை இன்ஸ்டால் பண்ணி 'ரெஸ்ட் அண்டர்ஸ்கோர் ஃபிரேம்வொர்க்'கை இம்போர்ட் பண்றோம். ரெண்டு பெயருக்கும் நடுவுல எந்தக் கட்டாய உறவும் கிடையாது. கோட்ல பார்த்த இம்போர்ட் பெயரை அப்படியே பிப் கிட்ட கொடுத்தா, வேற யாரோ பதிவு பண்ணின பேக்கேஜ் வரலாம்.

பைபிஐ ஒரு தட்டையான பதிவேடு. முதல்ல வந்தவங்களுக்குப் பெயர். ஜாவா உலகத்தில் டொமைன் பெயரைத் திருப்பிப் போட்டு ஆரம்பிப்பாங்க. கோ மொழியில இம்போர்ட் பாதையே கோட் இருக்கிற முகவரி. என்பிஎம்-ல அட் குறியோட ஸ்கோப் இருக்கு. பைபிஐ-ல அப்படி இனிஷியல் இல்லை.

2017 செப்டம்பர்ல ஸ்லோவாக்கியாவோட தேசியப் பாதுகாப்பு அலுவலகம் பைபிஐ-ல இருந்த 10 போலி பேக்கேஜ்களை வெளிப்படுத்தினது. அதுல ஒண்ணு யூஆர்எல்லிப்3-ல ஒரு எல்லை விட்டுட்டு எழுதின பெயர். இன்னொண்ணு வெறும் 'யூஆர்எல்லிப்', ஸ்டாண்டர்ட் லைப்ரரியில இருக்கிற அதே பெயர். உள்ளே நிஜ லைப்ரரியோட கோட் இருந்தது, கூடவே இன்ஸ்டால் ஆகும்போது யூசர்நேம், மெஷின் பெயர் மாதிரி விவரங்களை வெளியே அனுப்புற சில வரிகளும் இருந்தது. சோர்ஸ் பேக்கேஜை இன்ஸ்டால் பண்ணும்போது அதோட செட்அப் ஃபைல் ஓடும். நீங்க இம்போர்ட்கூட பண்ண வேண்டாம்.

2021-ல அலெக்ஸ் பிர்சன் இன்னொரு வழியைக் காட்டினார். கம்பெனிகள் உள்ளுக்குள்ள மட்டும் உபயோகிக்கிற பேக்கேஜ் பெயர்களைக் கண்டுபிடிச்சு, அதே பெயர்ல, பெரிய வெர்ஷன் நம்பரோட பொதுப் பதிவேட்டில் போட்டார். 35-க்கும் மேற்பட்ட நிறுவனங்களோட மெஷின்கள்ல அவரோட கோட் ஓடினது. அவர் ஆராய்ச்சியாளர், அதனால ஆபத்து இல்லை. பிப்ல எக்ஸ்ட்ரா இண்டெக்ஸ் யூஆர்எல் ஆப்ஷன் கொடுத்தா ரெண்டு பதிவேட்டையும் சமமா பார்த்து, பெரிய வெர்ஷனை எடுக்கும். உங்க உள் பதிவேட்டுக்கு முன்னுரிமைன்னு நினைச்சுக்கிட்டா, அப்படி ஒரு முன்னுரிமை அங்கே இல்லை.

அப்போ நாம எழுதும்போது

முதல்ல, மேல் மட்டத்தில் ஒரே ஒரு பெயரை எடுங்க. 'யூட்டில்ஸ்', 'காமன்', 'ஏபிஐ' இதெல்லாம் மேல் மட்டத்துக்கு வேணாம். இன்ஸ்டால் பெயரும் இம்போர்ட் பெயரும் ஒண்ணா இருக்கட்டும். உள் உபயோகத்துக்கான லைப்ரரியா இருந்தாலும் அந்தப் பெயர் பைபிஐ-ல யார்கிட்ட இருக்குன்னு பார்த்துடுங்க.

ரெண்டாவது, உள்ளே பிரிக்கும்போது உபயோகிக்கிறவங்க தேடுற வார்த்தையில பிரிங்க. கிளையன்ட், சர்வர், குக்கிஜார் மாதிரி. உங்க டீம் எப்படிப் பிரிஞ்சு உட்கார்ந்திருக்குங்கிறது அவங்களுக்குத் தேவையில்லை. ரெண்டு புள்ளிக்கு மேல போனா நின்னு யோசிங்க.

மூணாவது, வெளி வாசல் எது, உள் அறை எதுன்னு காட்டுங்க. எச்டிடிபிஎக்ஸ் லைப்ரரி இதை நல்லா பண்ணியிருக்கு. உள் ஃபைல்கள் எல்லாம் அண்டர்ஸ்கோர்ல ஆரம்பிக்குது. வெளியே எல்லாமே 'எச்டிடிபிஎக்ஸ் டாட் கிளையன்ட்' மாதிரி ஒரே புள்ளியில கிடைக்குது. நாளைக்கு உள்ளே எதை இடம் மாத்தினாலும் யாரோட கோடும் உடையாது.

நாலாவது, பெயர்ல நம்பர் போடுறதுன்னா காரணம் வேணும். பழசும் புதுசும் ஒரே ப்ரோக்ராம்ல ஒண்ணா இருக்கணும்னா பிஎஸ்4 மாதிரி நம்பர் உதவும். மத்தபடி வெர்ஷன் நம்பருக்கு வெர்ஷன்லயே இடம் இருக்கு.

அஞ்சாவது, பெயரை மாத்தியே ஆகணும்னா பழைய பெயரை உடனே எடுக்காதீங்க. பைத்தான் 3.7-லயிருந்து மாட்யூல் அளவிலேயே 'கெட்ஆட்டர்' எழுதலாம். பழைய பெயரை யாராவது கேட்டா ஒரு எச்சரிக்கை கொடுத்துட்டுப் புதுசைக் கொடுக்கலாம்.

கடைசியா ஒரு வீட்டு வேலை. உங்க ப்ராஜெக்ட்டோட ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலைத் திறங்க. ஒவ்வொரு வரிக்கும், இது கோட்ல எந்தப் பெயர்ல இம்போர்ட் ஆகுது, யார் இதோட ஓனர்னு சொல்ல முடியுதான்னு பாருங்க. சொல்ல முடியாத வரி எத்தனை இருக்கோ, அங்கே இருந்து ஆரம்பிங்க. உள் பேக்கேஜ் இருக்கிற டீமா இருந்தா, ரெண்டு இண்டெக்ஸைச் சமமா காட்டாம ஒரே உள் இண்டெக்ஸ் வழியா எல்லாத்தையும் எடுக்கிற மாதிரி மாத்துங்க, ஹாஷ் சரிபார்ப்பையும் போட்டுடுங்க. ஒரு மத்தியான வேலைதான். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.